என் கதையைப் பாடநூலிலிருந்து நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஏழாம் பாடக் கதையின் ஆசிரியை,
எழுத்தர், பதிவேட்டுப் பிரிவு, பொது மருத்துவமனை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பாடநூல் தயாரிப்புத் துறை.

பொருள்: எட்டாம் வகுப்பு மொழிப்பாட நூல், ஏழாம் பாடத்தை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, மகளின் பையிலிருந்து மேற்படி நூலை எடுத்து நின்றபடியே என் கதையைப் படித்தேன். குடித்துவிட்டு வரும் தையற்காரர் விளக்குக் கம்பத்துக்கு அளவெடுக்கிறார். "இடுப்பே இல்லையே, பெல்ட்டை எங்கய்யா மாட்டுவ?" என்று அதனிடமே கேட்கிறார். தெருவே சிரிக்கிறது. மனைவியும் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். அத்துடன் கதை முடிகிறது.

2. இதை எழுதியபோது எனக்கு வயது இருபத்தாறு. குடிப்பவர் எவருடனும் ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் படித்த கதைகளில் குடிகாரர்கள் வேடிக்கை காட்டினார்கள். இல்லையென்றால் தத்துவம் பேசினார்கள். கதவைத் திறந்த பிறகு நடப்பது திருமணமான பின்பே தெரிந்தது. என் கணவர் வீட்டுக்கு வருபவர்களிடம் இக்கதையை வாசித்துக் காட்டி, "என்னைப் பாக்குறதுக்கு முன்னாடியே என்னை எழுதிட்டா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

3. சென்ற வாரத் தேர்வில், 'மனைவி ஏன் சிரித்தாள்?' என்று ஒரு வினா. 'கணவரின் குறும்பை ரசித்ததால்' என்பது விடைக்குறிப்பு. என் மகள் எழுதியது: 'சிரித்தால் அவர் சத்தம் போடாமல் படுத்துவிடுவார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தால் சிரிக்கக் கூடாது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும்.' மதிப்பெண் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில், 'பாடத்தில் இல்லை.'

4. பள்ளிக்குப் போய் மகளின் ஆசிரியையைப் பார்த்தேன். கதையை எழுதியவள் நான் என்று அவருக்குத் தெரியாது. "பாப்பா எழுதினது தப்புன்னு சொல்லலம்மா. பாடத்துல இல்லாததுக்கு நான் எப்படி மார்க் போடுறது?" என்று வருத்தத்துடன் கேட்டார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. பாடத்தில் அது இல்லைதான். அதை எழுதாமல் விட்டது நான்.

5. என் முந்தைய மனுவுக்கு, 'மாணவர்கள் விரும்பும் பாடம்' எனப் பதில் வந்தது. அதை மறுக்கவில்லை. ஆயினும் அடுத்த பதிப்பில் இக்கதை வேண்டாம் என்றும், அதுவரை மேற்படி வினாவையாவது கைவிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை மருத்துவமனை முகவரிக்கே அனுப்ப வேண்டுகிறேன். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகிறேன். இதை மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஏழாம் பாடக் கதையின் ஆசிரியை

இடம்: பதிவேட்டுப் பிரிவு
நாள்: பிப்ரவரி 11