எஸ்தர் சொல்லிவைத்த குட்டி

ஜூன் 12, வியாழன்.

பூந்தமல்லிக்கு ஜட்காவில் போய் லூர்தம்மாள் வீட்டிலிருந்து பீகிள் குட்டியை வாங்கிவந்தேன். சீமைக்குத் திரும்பிய துரை அவளிடம் விட்டுப்போன நாய் ஈன்றது. போன மாதம் எஸ்தர்தான் அதைச் சொல்லிவைத்தாள். வாசனை பழகட்டும் என்று எஸ்தரின் பழைய புடவையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கியிருந்தாள் லூர்தம்மாள்.

“இன்னா சார், அம்மா வர்லியா? குட்டி அவங்க சீல மேலதான் தூங்கினு கீது.”

“ஊருக்குப் போயிருக்கா” என்றேன். மனைவியை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகிறது. வாயில் அதுதான் வந்தது.

வீட்டில் இறக்கிவிட்டதும் குட்டி தரையை முகர்ந்துகொண்டே அறை அறையாகப் போயிற்று. எஸ்தரின் டிரங்குப் பெட்டியருகே நின்றது. மூடியைப் பிறாண்டியது. இப்போதும் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டியை நானே இன்னும் திறக்கவில்லை.