மாவு டப்பாவில் கிடைத்த ஸ்பார்க் பிளக்

அன்புள்ள ஜோவாஸ்,

நீ அங்கே பட்டணத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் இந்தச் சின்ன வீட்டில் உன் தங்கை ஹுல்டா காதில் விழுந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். ஜனவரி பாதி போயிற்று, விரிகுடா இன்னும் ஒழுங்காக உறையவில்லை. லாப்ரடார் கரை முழுக்க இப்படித்தான் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். போன வாரம் பனிக்குப் பதில் மழை பெய்து, உறைந்த இடத்திலும் தண்ணீர் நிற்கிறது. ஹுல்டா எழுந்ததும் ஜன்னலில் போய் நின்றுகொள்கிறாள், சாப்பாட்டைத் தொடுவதில்லை, நகத்தை ரத்தம் வரக் கடிக்கிறாள். வகுப்பிலும் எழுதாமல் கடலையே பார்க்கிறாள் என்று டீச்சர் சீட்டு அனுப்பினார். பிள்ளைகளிடம் பேச விமானத்தில் வருகிற மனநல ஆலோசகர் மூடுபனியால் இரண்டு முறை வரவில்லை. பதினோரு வயதில் உனக்கென்ன கவலை என்று நானும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அப்பா ஐஸ் மேலாக அக்கரைக்குப் போய் விறகு கொண்டுவரக் கிளம்பினார். பனிவண்டி கிளம்பவே இல்லை, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வீங்கியதுதான் மிச்சம். திறந்து பார்த்தால் ஸ்பார்க் பிளக்கைக் காணோம். பக்கத்து வீட்டு குஸ்தாவ்தான் கழற்றியிருப்பான் என்று அவன் வாசலில் போய் நின்று, "திருடித்தான் வண்டி ஓட்டணுமா, வெக்கமா இல்ல?" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்தார். மத்தியானம் ரொட்டிக்கு மாவு அள்ளினேன், கையில் தட்டுப்பட்டது அந்தப் பிளக். ஹுல்டா மறைக்கவில்லை. "நான்தான் எடுத்தேன். திரும்ப மாட்டினா திரும்ப எடுப்பேன்" என்றாள். ஒன்றும் ஆகாது என்று நான் ஆரம்பித்ததுமே, "போன வருஷமும் அப்படித்தான் சொன்னீங்க. போவாஸ் மாமாவுக்குக் கதவு தொறந்தது நான்தான்" என்றாள். என் தம்பி ஐஸ் உடைந்து கடலில் விழுந்து, ஊர்ந்து கரையேறி, உடுப்பெல்லாம் பலகையாக விறைத்து நம் வாசலில் வந்து நின்றானே. குளித்துவிட்டு வந்தேன் என்று அவன் கேலி பேசினான், நாமும் சிரித்தோம். அவள் சிரித்தாளா என்று யாரும் பார்க்கவில்லை. அப்பா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பூட்ஸோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. முன்னல்லாம் ஐஸைப் பாத்தாலே எங்க கால் வைக்கலாம்னு தெரியும். இப்பப் பாத்தா எனக்கே புரியல" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அவர் மடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள், பிறகு ரொட்டி மூன்று துண்டு தின்றாள்.

சாயங்காலம் அப்பா ஒரு மீனை எடுத்துக்கொண்டு குஸ்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அவன் மனைவி ரோசினா, "எங்க வீட்டுச் சின்னவ வண்டிச் சாவியையே தலைகாணிக்குள்ள வெச்சுத் தச்சிருக்கா, நேத்துதான் கண்டுபிடிச்சேன்" என்றாளாம். இந்த வாரத்திலிருந்து புதன்கிழமைதோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளும் பெற்றவர்களுமாக உட்கார்ந்து பேசுகிறோம். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கடல் அப்படியேதான் இருக்கிறது, நகத்தையும் கடிக்கிறாள், ஆனால் ஜன்னலில் நின்று என்ன பார்க்கிறாள் என்று இப்போது சொல்கிறாள். ஐஸில் துளை போட்டு அளந்து, அளவை அவளிடம் சொன்ன பிறகுதான் அப்பா போவது என்று பேச்சு. இதுவரை போகவில்லை, கரையோரக் குச்சிகளை எரிக்கிறோம்.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவளிடம் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதே. இன்னொன்று. அன்று மாமாவோடு போயிருக்க வேண்டியவன் நீ, பல்வலி என்று நின்றுவிட்டாய். இரண்டு மாதத்தில் ஊரைவிட்டே போய்விட்டாய். படிக்கத்தான் போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏன் போனாய் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லத் தோன்றும்போது சொல் மகனே, நான் குறுக்கே பேசமாட்டேன்.

ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா,
சபீனா