ஐயா எழுந்து நின்ற ஞாயிறு

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் ஐயா, பக்கவாதத்துக்குப் பிறகு நாற்காலியே கதி என்று இருந்தார். காலில் பலம் வந்தும் பயம் விடவில்லை. ஞாயிறன்று அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, முன்பக்கத்துப் புல்லை வெட்டினேன். மோட்டார் இல்லாத மெஷின். கையால் தள்ளினால் சக்கரத்தோடு கத்திகளும் சுழலும். குச்சி ஒன்று சிக்கிக்கொண்டது. பிடுங்கப்போய் விரலைக் கீறிக்கொண்டேன். பயப்படாதீர்கள், இரண்டே தையல்தான்.

"அம்மா!" என்று நான் கத்தியதும் ஐயா எழுந்துவிட்டார். தடுமாறி நான்கு அடி நடந்து வந்து, மெஷின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "விரல் இருக்காம்மா?" என்றார்.

"விரல் இருக்குங்கய்யா. நீங்க நிக்கிறீங்களே!"

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இருவருமே அழுதுவிட்டோம். இப்போது தினமும் அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். வெட்டத்தான் புல் மிச்சமில்லை.

ஒரு உதவி. போனில் பேசி முடித்ததும் கட் செய்துவிடாதீர்கள். சமையலறை அலமாரியில் அப்படியே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பாத்திரம் உருள்வதும் நீங்கள் சின்னவளை அதட்டுவதும் கேட்டால் போதும், நான் பாட்டுக்குத் துணி மடிப்பேன். உடனே கட் செய்துவிட்டால் இந்த வீடு ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

ஐயாவுக்கு மாத்திரை நேரம், கூப்பிடுகிறார். வருகிறேன்.

உங்களவள்