மலையில் மழை

கீழ்க்கட்டளை,
ஜூலை 1999

மலைமேல் இருக்கும் மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். முதியோர் கல்வி வகுப்பில் எனக்குக் கைதட்டினார்கள். ஆனால் எழுத வந்தது உன் தங்கை மேல் புகார் சொல்ல.

போரில் ராணுவங்கள் செய்தியை எப்படி மறைக்கின்றன, எப்படிப் பரப்புகின்றன என்று சாமுண்டி எம்.ஃபில். ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா? பக்கத்து நாட்டு டிவியைக் கேபிளில் நிறுத்தியதற்கு, "மறைச்சா வதந்திதான்பா ஜாஸ்தியாவும்" என்று என்னோடு சண்டை போட்டாள்.

அவள்தான் எங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். நீ இருக்கும் பக்கம் மழை, அதனால் சண்டை இல்லை என்பாள். ஒரு மாதமாக அதே மழை! நேற்று அவள் கல்லூரிக்குப் போனபின் எழுத்துக்கூட்டி நானே படித்தேன். நீ இருக்கும் ஊரின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதன் கீழே இருந்ததை இங்கே எழுத மாட்டேன். மழை என்ற சொல் எங்குமே இல்லை.

சாயங்காலம் கேட்டால், "உனக்கு பிரஷர் இருக்குப்பா, வேற இன்னா பண்றது?" என்கிறாள். பெரிய ஆராய்ச்சி! கோபத்தில் நான் காபியே குடிக்கவில்லை.

இன்று காலை பேப்பரை நான்தான் எடுத்தேன். உன் அம்மா பெருமையாக எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாயா போட்டுக்கீறான்? புள்ள இருக்கற எடத்துல இன்னாவாம்?"

முதல் பக்கம் முழுவதும் படித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினேன்.

"மழையாம்."

சமையலறையிலிருந்து சாமுண்டி எட்டிப் பார்த்தாள்.

நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. என் பெயருக்கே போடு. நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா