ஐம்பது கிலோ

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். முகாமுக்கு வந்ததும் எங்கள் போன்களை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார் கோச். உலக இளையோர் மல்யுத்தப் போட்டி முடியும்வரை தரமாட்டாராம். அதனால்தான் இந்தப் பேனாவும் தாளும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு சேதி. ஐம்பத்துமூன்று கிலோ பிரிவில் என்னை எடுக்கவில்லை. அங்கே என் அறைத்தோழி இருக்கிறாள். அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, இரும்பு என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். பிடித்தால் விடமாட்டாள், தூங்கும்போது போர்வையைக்கூட அப்படித்தான் பிடித்துக்கொள்கிறாள். கோச் என்னைக் கூப்பிட்டு, "ஐம்பதுல எறங்கறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?" என்றார். இறங்குகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்குக் கொழுப்பு நாக்கில் மட்டும்தான் என்று அம்மா சொல்வாள் இல்லையா? அதனால் உடம்பில் தண்ணீரைத்தான் குறைக்கிறோம். பிளாஸ்டிக் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஹீட்டர் வைத்து மூடிய அறையில் ஓட்டம். வாய் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போகிறது. எல்லாருக்கும் அப்படித்தான் என்கிறார்கள். போன வருடம் ஐம்பதில் வெள்ளி வாங்கியவளை நான் இரண்டு முறை மண் கவ்வ வைத்திருக்கிறேன். பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது அக்கா.

அந்த டீ விஷயத்தை அம்மாவிடம் சொல்லாதே. பள்ளி வேன் ஓட்டுகிறவள், கவனம் சிதறக் கூடாது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
வாலு

ஜூன் 8

என் வாலுவுக்கு,

முழங்கால் இருக்கட்டும். உன் கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். டீ நிறத்துக்குப் பிறகு நீ எழுதியது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சிறுநீரகம் கைவிட்டவர்களை மெஷினோடு இணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனிப்பதுதான் என் பிழைப்பு. ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு குத்துச்சண்டைக்காரர் வருகிறார். உன்னைப் போலத்தான், எடைக்காக உடம்பைப் பிழிந்தவர். ஊசி குத்தும்போதெல்லாம், "ஒரே ஒரு போட்டிக்குத்தான் சிஸ்டர் அப்படிச் செஞ்சேன்" என்பார். நான் கேட்காமலேயே சொல்வார்.

தண்ணீர் குடி. கோச்சிடம் முடியாது என்று சொல். அவர் கேட்காவிட்டால் அணி மருத்துவரிடம் போ. நீ போகாவிட்டால் நான் பேசுவேன். மிரட்டவில்லை, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் உன் படத்தை வேனில் ஒட்டிவைத்து, ஏறுகிற பிள்ளைகளிடம் எல்லாம் "எங்க வீட்டுப் புலி" என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

உடனே பதில் போடு.

அக்கா

ஜூன் 13

அக்கா,

நீ நர்ஸ் என்பது தெரியும். அதற்காகப் பார்க்கிறவர்களை எல்லாம் கட்டிலில் படுக்கவைத்துத்தான் பார்ப்பாயா?

நேற்று குளியலறையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். இரும்புதான் தூக்கினாள். "இந்தப் போட்டி போனா இன்னொண்ணு வரும்டி, ஆளே போயிட்டா?" என்றாள். அவளுக்கென்ன, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறாள். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். இளையோர் பிரிவில் இதுதான் கடைசி.

ஒன்று கேட்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மல்யுத்தம் பழகினோம். முழங்கால் போனதும் நீ விலகினாய். நான் விலகவில்லை. அதுதான் உன்னை உறுத்துகிறதா? உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிடுமோ என்று?

டாக்டரிடம் நீ வாயைத் திறந்தால், அதோடு நமக்குள் ஒன்றுமில்லை. இருபதாம் தேதி கிளம்புகிறோம்.

வாலு

ஜூன் 16

வாலு,

உறுத்தியது உண்மைதான். நீ ஜெயித்துவிட்டு வரும்போதெல்லாம் கை தட்டிவிட்டு, உள்ளே போய் முகம் கழுவியிருக்கிறேன். அதனால்தான் உன் கடிதம் வந்ததும் உடனே பேச முடியவில்லை. நான் பேசப்போவது உனக்காகவா, எனக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிறகு தோன்றியது: யாருக்காகப் பேசினால் என்ன, உன் சிறுநீரகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்று அணி மருத்துவரிடம் பேசிவிட்டேன். நான் யார் என்பதைச் சொன்னேன். நீ மயங்கி விழுந்ததையும் சொன்னேன். ரத்தம் சோதிக்காமல் உன்னை எடை மெஷினில் ஏற விடமாட்டேன் என்றார். இதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவிடமும் சொன்னேன். வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அவ நம்மள மன்னிக்க வேண்டாம், நல்லா இருந்தா போதும்" என்றாள். எனக்கும் அதுதான்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. தண்ணீர் குடித்துவிட்டுத் திட்டு.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

அம்மா கேட்டதால் எழுதுகிறேன். போன் கையில்தான் இருக்கிறது. பேசினால் வார்த்தை தடித்துவிடும்.

எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா உன்ன போட்டிக் களத்துக்கு இல்ல, ஐசியூவுக்குத்தான் கூட்டிட்டுப் போயிருப்போம்" என்றார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். என் பெயரை அடித்துவிட்டார்கள். கோச், "வீட்டுக்குள்ளயே எதிரிய வளத்திருக்க" என்றார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

ஐம்பது கிலோவில் தங்கம் யாருக்கு என்று கேள். நான் இரண்டு முறை மண் கவ்வ வைத்தேனே, அவளுக்கு. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் மேடையில் குனிந்து பதக்கம் வாங்கியபோது என் கழுத்து தானாகக் குனிந்தது.

இரும்புக்கு வெண்கலம். அழுதுகொண்டே மேலே ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணாவதா வந்த நானே அழறேன், நீ எதுக்குடி கல்லு மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உடைந்தது.

நீ செய்தது சரி. சரி என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. இரண்டும் எனக்குள் மல்லுக்கட்டுகின்றன, இதில் எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை. இப்போதைக்கு வீட்டுக்கு வரவில்லை. இரும்பு வீட்டில் இருக்கிறேன். நானாக எழுதும்வரை நீ எழுதாதே.

தங்கை

நவம்பர் 21

அக்கா,

ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது. நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் பெரியவர்கள் பிரிவில் இறங்குகிறேன். ஐம்பத்துமூன்று கிலோவில், வயிறாரச் சாப்பிட்டு. அதே பிரிவில் இரும்பும் இருக்கிறாள். அவள் என்னைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுவாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

பழைய கோச்சிடம் போகவில்லை. இப்போது பழக்குகிறவர் ஒரு அம்மா. போட்டிக் களத்தின் மூலையில் நம் ஆட்களுக்கு இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்று அவருக்கு. இன்னொன்றுக்கு யார் பெயரைக் கொடுக்கட்டும் என்று நேற்று கேட்டார்.

"நீ கெஞ்சினாலும் மசியாம, போதும்னு நிறுத்தற ஆளு யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா. ஆனா அவகூட நான் பேசறதில்ல."

"மூலையில உக்காந்தா பேசித்தான் ஆகணும்."

உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வார்டில் லீவு கிடைக்குமா என்று பார்.

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்ளலாம்.

வாலு