எலிச் சத்தம் நின்றுபோன வீடு

அனுப்புநர்:
ச. பாஸ்கரன், எம்.எஸ்ஸி.,
ஆய்வு மாணவர்,
தரைத்தளம், இடப்பக்க வீடு,
திரு. கிரோன் அவர்களின் கட்டடம்,
ஹம்பேர்க்.

பெறுநர்:
திரு. வே. குருமூர்த்தி அவர்கள்,
நல அலுவலர்,
இந்திய மாணவர் நலப் பணியகம்,
ஹம்பேர்க்.

பொருள்: வாடகை வீட்டில் எலித் தொல்லை – செத்த எலிகளின் துர்நாற்றம் – மனைவியின் உடல்நலக் கேடு – வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வது – தலையிட்டு உதவக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவன். இங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், பொருள்களைச் சுடரில் எரித்து அவற்றிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். என் மனைவி கனகவல்லி சென்ற ஆண்டு மே மாதம் வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தமிழும் சிறிது ஆங்கிலமும் தெரியும். ஜெர்மன் தெரியாது. எங்கள் குறைகளை எழுத்தில் தந்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்று தாங்கள் தொலைபேசியில் கூறியபடி இந்த மனுவை எழுதுகிறேன்.

2. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்களுக்கு எலி வளையிலேயே தனி வீடு கிடைத்திருக்கிறது. குடிவந்த முதல் வாரத்திலேயே சமையலறைச் சுவருக்குள் ஓட்டமும் கீச்சிடலும் தொடங்கிவிட்டன. சோப்பைத் தின்றன. மெழுகுவர்த்தியைத் தின்றன. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை என் பேராசிரியருக்கு முன்பே அவை படித்து முடித்தன. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வீட்டுக்காரர் திரு. கிரோன் அவர்களிடம் ஏழு முறை நேரிலும் நான்கு முறை எழுத்திலும் முறையிட்டேன்.

3. இந்தியர் குடிவருவதற்கு முன் தம் கட்டடத்தில் எலியே இருந்ததில்லை என்பது அவர் பதில். பெருங்காய வாசனைக்குத்தான் அவை வருகின்றனவாம். பெருங்காயத்துக்கு எலி வந்த கதையை நான் எந்த நாட்டிலும் கேட்டதில்லை. ஆதாரம் கொண்டுவா என்றார். பொறிவைத்து ஒன்றைப் பிடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இது எங்கள் ஊர் எலி இல்லை என்று கூறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நானும் கனகவல்லியும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

4. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் சுவருக்குள் சத்தம் நின்றது. குறையவில்லை, ஒரேயடியாக நின்றது. எலிகள் தாமாகவே ஓய்ந்தன என்று மகிழ்ந்தோம். ஒரு வாரம் கழித்துத் தரைப்பலகைக்கு அடியிலிருந்து பிணவாடை கிளம்பியது. பலகையைப் பெயர்த்துச் செத்தவற்றை எடுக்கும்படி கேட்டதற்கு, நவம்பர் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யும்படி தாள் கொடுத்துவிட்டார்.

5. இந்த நாற்றத்தில் என் மனைவி படுத்துவிட்டாள். சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. பிறகு இரண்டு பாதங்களிலும் தாங்க முடியாத எரிச்சல். போர்வை பாதத்தில் பட்டாலே அலறினாள். காலுறை போட முடியவில்லை, தரையில் ஊன்ற முடியவில்லை. பக்கத்துத் தெரு மருத்துவர் இதை நரம்புத் தளர்ச்சி என்றும், ஊர் ஏக்கம் என்றும் கூறித் தூக்க மாத்திரை கொடுத்தார். ஊர் ஏக்கம் பாதத்திலா வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நேற்று நெஞ்சு படபடப்பு மிகுந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன்.

6. ஆகவே தாங்கள் திரு. கிரோன் அவர்களுக்கு ஓர் அதிகாரபூர்வமான கடிதம் எழுதி, தரைப்பலகையைப் பெயர்த்து வீட்டைச் சுத்தம் செய்யவும், காலி செய்யச் சொன்ன தாளைத் திரும்பப் பெறவும் ஆவன செய்ய

(இதுவரை எழுதியது 3-11-1971, புதன்கிழமை. இனி எழுதுவது வெள்ளிக்கிழமை, மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து. மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு முறையாக எழுத நேரமில்லை. என் அறியாமை எவ்வளவு என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.)

7. நேற்றுக் காலை தாதி தலைவாரிவிட்டபோது கனகவல்லியின் கூந்தல் சீப்போடு வந்தது. நாலு முடி, ஐந்து முடி அல்ல; கைப்பிடி கைப்பிடியாக. வலிக்கவும் இல்லையாம். தலையணை முழுவதும் முடி. அவள் என்னைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

8. அந்த நேரத்தில் நண்பர் பார்த்தசாரதி பார்க்க வந்தார். ஊருக்கு வெளியே உள்ள வேளாண் கல்லூரியில் படிப்பவர். தீபாவளிக்கு அல்வா கிண்டுவதற்காக முழுக் கோதுமை வாங்கிவந்து எங்கள் நிலவறை அலமாரியில் வைத்துவிடும்படி செப்டம்பரில் அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்துக் கேட்டிருந்தேன். இங்கே கடைகளில் மாவுதான் கிடைக்கிறது, முழுக் கோதுமை கிடைப்பதில்லை. அவர் கட்டிலருகே நின்று, தேர்வு வந்துவிட்டதால் கோதுமை வாங்கித்தர முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டார். கனகவல்லிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "அப்ப அந்தச் சாக்கு உங்களுது இல்லையா? செவப்பா இருந்துச்சே. நம்ம ஊர்ல வண்டு விழாம இருக்கத் துவரைக்குச் செம்மண் கட்டுவாங்கல்லா, அப்படித்தான் கட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். ஏழு தண்ணி விட்டுக் கழுவுனேன்."

9. ஐயா, தாங்கள் தஞ்சாவூர்க்காரர். செம்மண் கட்டிய பருப்பைத் தங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எவரானாலும் இந்தத் தவற்றைத்தான் செய்திருப்பார்கள். தானியத்தின் மேல் சிவப்பைக் கண்டால் அவர்களுக்கு அது பத்திரம் என்று பொருள். இந்த நாட்டிலோ எலிக்கு வைக்கும் நஞ்சுக் கோதுமைக்குத்தான் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள்; அது தொடாதே என்று பொருள். அந்தச் சாக்கின்மேல் ஓர் எழுத்தும் இல்லை, ஒரு மண்டையோட்டுப் படமும் இல்லை. எங்களையும் பார்த்தசாரதியையும் தவிர எங்கள் அலமாரிப் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். எலிக்கு வைத்ததுபோக மீந்ததை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். தம் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

10. வீட்டில் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த அல்வாவைச் சுரண்டி எடுத்துக்கொண்டு நேற்று மாலையே ஆய்வுக்கூடம் சென்றேன். சுடரில் காட்டினேன். ஒளிப்பட்டையில் பச்சையாக ஒரே ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். தாலியம் என்ற உலோகத்தின் உப்பு அது. ருசி இல்லை, மணம் இல்லை. உடம்பில் புகுந்தால் முதலில் வயிறு, பிறகு பாதம், பதினைந்து இருபது நாளில் முடி. மருத்துவரிடம் ஓடிவந்து சொன்னேன். ஏழு தண்ணீரில் கழுவியதாலும், மாவுப்பால் தெளிந்ததும் மேல்தண்ணீரைக் கொட்டியதாலும்தான் அவள் இன்னும் உயிருடன் இருக்கிறாள் என்றார். கிண்டும்போது பதம் பார்த்ததும், மீந்ததை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாரம் தின்றதும் அவள்தான். புதிதாகச் சோதித்துவரும் நீலநிற மருந்து ஒன்றை வேறொரு நகரத்திலிருந்து வரவழைத்து இன்று காலை முதல் கொடுக்கிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். திங்கட்கிழமை கேளுங்கள் என்றார்.

11. எலிகள் எப்படி அடங்கின என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வேதியியல் படித்தவன் நான். சத்தம் நின்றதே போதும் என்று இருந்துவிட்டேன். இந்த மனுவில் யார்மேல் குற்றம் சாட்டினாலும் இதை என்மேல் வைத்துக்கொண்டுதான் சாட்டுகிறேன்.

12. இன்று பத்து மணிக்குக் காவல்துறையினர் இருவர் வந்தனர். திரு. கிரோன் தம் கட்டடத்தில் எந்த நஞ்சையும் ஒருபோதும் வைத்ததில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நிலவறைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்கள். எங்கள் அலமாரி சோப்புப் போட்டுக் கழுவப்பட்டு, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. குடிவந்த நாளிலிருந்து அந்த நிலவறை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. சாக்கு இல்லை. வெந்நீர்க் கொதிகலன் வழக்கத்தைவிட அதிகமாக எரிந்துகொண்டிருந்தது.

13. பிறகு என்னைக் கேட்டார்கள். இந்த உப்பு உங்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டா? உண்டு. பூட்டிய அலமாரியில் இருக்கிறது; ஆகஸ்டு மாதம் அதை எடுத்ததற்கான கையெழுத்தும் என்னுடையதே. நீங்கள் அந்த இனிப்பைத் தின்றீர்களா? இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, நான்கு ஆண்டுகளாக இனிப்பைத் தொடுவதில்லை. அதை எழுதிக்கொண்டார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, நகரத்தை விட்டுப் போகக் கூடாது என்று மரியாதையாகவே கூறினார்கள். வெளிநாட்டுக்காரன், நஞ்சு அறிந்தவன், மனைவி தின்றதைத் தான் தின்னாதவன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

14. நாளை அவர்கள் கனகவல்லியிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார்கள். செம்மண் கட்டுவது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, என்னைத் தவிர வேறு தமிழர் ஒருவர் வேண்டும். நான் மொழிபெயர்த்தால் அது செல்லாது. தாங்கள் அப்போது உடனிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கொதிகலனின் சாம்பலை அள்ளி வெளியே கொட்டுவதற்கு முன் கைப்பற்றச் சொல்லித் தாங்கள் காவல்துறைக்கு எழுதவும் வேண்டும். அந்த உலோகம் எரிந்து ஒரேயடியாக இல்லாமல் போய்விடாது. சாம்பலில் சிறிதளவு இருந்தாலும் அந்தப் பச்சைக் கோடு தெரியும். நான் பார்க்க வேண்டாம், அவர்கள் நம்பும் யாராவது பார்க்கட்டும்.

15. காவல்துறையினர் ஒரு கேள்வியை இன்னும் கேட்கவில்லை. வேறு யார் தின்றார்கள் என்பதே அது. அவர்கள் கேட்காமலே நான் மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதால் என் தலைமேல் உள்ள பழி ஒன்றிலிருந்து பலவாகப் பெருகும் என்று தெரியும். அக்டோபர் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் தீபாவளிக் கூட்டத்துக்குக் கனகவல்லி ஏழு டப்பா அல்வா கொண்டுவந்தாள். இந்தக் குளிர் நாட்டில் நெய் சொட்டும் அல்வாவைக் கண்டு எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை இந்த நாட்டில் நான் வேறு என்றும் பார்த்ததில்லை. ஒரு டப்பாவை மறுநாள் திரு. கிரோன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மசாலா வாடை என்று அவர் திறக்காமலே திருப்பி அனுப்பினார். அதையும் கனகவல்லிதான் தின்றாள். மீதி ஆறும் கூட்டத்திலிருந்தே ஆறு வீடுகளுக்குப் போயின; அவற்றில் ஐந்தை மீட்கப் பார்த்தசாரதி காலையிலிருந்து வீடுவீடாக அலைகிறார். மூன்று வீட்டில் ஒரு துண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் ஒருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை. எல்லாரையும் இங்கே வரச்சொல்லியிருக்கிறோம்.

16. ஆறாவது டப்பா தங்கள் வீட்டில் இருக்கிறது. தங்கள் துணைவியார் வைதேகி அம்மையார் கையில் என் மனைவியே கொடுத்தாள். இனிப்பு என்றால் தங்கள் மகள் சந்திராவுக்கு உயிர் என்றும், மற்றவர்களுக்குக் கொடுக்காமல் அவளுக்காக எடுத்துவைத்து நாளுக்கு ஒரு துண்டாகத் தருவேன் என்றும் அம்மையார் அப்போது கூறியதாகக் கனகவல்லி இன்று நினைவுகூர்ந்தாள். இதைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

17. தங்கள் வீட்டில் தொலைபேசி இல்லாததால் சற்றுமுன் தங்கள் அலுவலகத்துக்குப் பேசினேன். தாங்கள் புதன்கிழமை முதல் விடுப்பில் இருப்பதாகவும், மகளுக்கு இரண்டு பாதங்களிலும் வலி என்றும், வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் அது என்று மருத்துவர் கூறியதாகவும் சொன்னார்கள். பார்த்தசாரதி வாடகைக் காரோடு வாசலில் நிற்கிறார். இந்தத் தாளை மற்றவற்றுக்கு மேலே வைத்துத் தங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே நான் கேட்டவை எல்லாம் காத்திருக்கலாம். என்னைக் கைது செய்தாலும் செய்யட்டும். நீல மருந்தில் ஒரு பங்கைக் குழந்தைக்கென எடுத்துவைத்துவிட்டார் மருத்துவர். ஐயா, இந்த மனுவுக்குப் பதில் எழுத வேண்டாம். சந்திராவைத் தூக்கிக்கொண்டு அதே காரில் இங்கே வாருங்கள்.

இடம்: ஹம்பேர்க், மருத்துவமனை, இரண்டாம் மாடி
நாள்: 5-11-1971, பிற்பகல் 2.40

தங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்,
(ஒப்பம்) ச. பாஸ்கரன்