உன் இலையில் மட்டும் உப்பில்லை

இந்தாம்மா, உன்னைத்தான்,

சோறாக்கக் கத்துக்கிட்டேன். சிரிக்காத. அறுபது வயசுல அடுப்பு பத்த வைக்கவே அஞ்சாறு தீக்குச்சி வீணாச்சு. எதிர் ஊட்டு ஷாகிதாதான், "இன்னா அண்ணாத்தே பயம்? அரிசிக்கு மேல ஒரு விரல் கணு தண்ணி நின்னா போதும்"னு சொல்லிக் குடுத்துச்சு.

இன்னிக்கு அமாவாசை. கள்ளிக்குப்பம் கடையில இலை வாங்கி வந்து, சோறு, சாம்பார், வாழைக்காய் பொரியல் எல்லாம் நானே செஞ்சேன். படைக்கிற வரைக்கும் ருசி பார்க்கக் கூடாதே, அதனால உப்பைக் குத்துமதிப்பாத்தான் போட்டேன். காக்காவுக்கு வெச்சுட்டு, உன் போட்டோ முன்னாடி படைச்சுட்டு, அந்த இலையிலேயே சாப்பிட உட்கார்ந்தேன். முப்பது வருஷம் நான் சாப்பிட்டு எழுந்த இலையிலதானே நீ சாப்பிட்ட?

சாம்பார் சப்புன்னு இருந்துச்சு. உப்பே இல்ல. இதே மாதிரி ஒருநாள் நான் தட்டை வீசினது ஞாபகம் வந்துச்சு.

எழுந்து போய் சட்டியில தொட்டு நக்கினேன். அங்க உப்பு சரியா இருந்துச்சு. அதையே கொண்டுவந்து இலையில ஊத்தினேன். முதல் வாய் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வாய்ல ருசி போயிடுச்சு.

செத்தவங்க வந்து சாப்பிட்டா சோத்துல உப்பு இருக்காதுன்னு எங்கம்மா சொல்லும். ஆனா ஓடல. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இதை எழுதுறேன். நீ எழுந்தப்புறம் நான் சாப்பிடுறேன். மணி ரெண்டாகுது. இப்பவும் ஊத்த ஊத்த உப்பு போயிக்கிட்டேதான் இருக்கு.

உன் எச்சில் இலைக்குக் காத்திருக்கிற,
உன் வீட்டுக்காரன்